கச்சேரி டிக்கெட் ஏன் இந்த விலை விக்குது? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ரயில், பஸ் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. சில வருஷமாகக் கச்சேரி டிக்கெட் போடச் சொல்லியும் ஆட்கள் வருகிறார்கள். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர், தென்காசி, எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் திரையில் கடைசித் தொகையைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். பிறகு கேள்வி வரும். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவரின் தட்கல் போய்விடுகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

"அண்ணாச்சி, போஸ்டர்ல 1,500னு போட்டிருக்கான். பணம் கட்டப் போனா 1,900க்கு மேல காட்டுது. களவாணித்தனம்லா இது?"

பாதி வரி, பாதி வேறு. கச்சேரி டிக்கெட் ஒரு ஆளுக்கு 500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி கிடையாது. 500ஐத் தாண்டினால் 18 சதவீதம், அதுவும் 500க்கு மேலான தொகைக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும். 499 ரூபாய் என்று ஒரு டிக்கெட் எங்காவது கண்ணில் பட்டால் அந்த எண்ணுக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

உங்கள் 1,500ஐ எடுத்துக்கொள்வோம். வரி 270. ஆக 1,770. இதற்கு மேல் டிக்கெட் விற்கும் தளம் 'கன்வீனியன்ஸ் ஃபீ' என்று ஒன்று போடும். அது தளத்துக்குத் தளம், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். ஒரு பேச்சுக்கு 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 120க்கும் 18 சதவீத வரி உண்டு. கூட்டினால் 1,911 ரூபாய் 60 பைசா.

வரியை நான் குறை சொல்ல மாட்டேன், அது சட்டம். எனக்கு எரிச்சல் வருவது இந்தத் தொகை எந்த இடத்தில் தெரிய வருகிறது என்பதில்தான். இருக்கை தேர்ந்தெடுத்து, பெயர் கொடுத்து, போன் நம்பர் கொடுத்து, "இன்னும் ஏழு நிமிஷம்" என்று கடிகாரம் ஓடுகிற நேரத்தில்தான் முழுத் தொகை வருகிறது. அந்தப் பதற்றத்தில் யார் வேண்டாம் என்று எழுந்து போவார்? முதலில் ஒரு விலை காட்டி, கடைசியில் சேர்த்துச் சேர்த்து ஏற்றுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே ஏமாற்று உத்தி என்று வகைப்படுத்தியிருக்கிறது. மொத்தம் 13 உத்திகளைப் பட்டியல் போட்டார்கள். இல்லாத அவசரத்தைக் காட்டிப் பதற வைப்பது அதில் இன்னொன்று. விதி இருக்கிறது, கடிகாரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

"அவ்வளவு பணமும் பாடுறவருக்கா போகுது?"

பெரிய பங்கு மேடைக்கு வரும் கலைஞருக்கும் அவர் குழுவுக்கும் போகும். அதுபோக மைதான வாடகை, மேடை, ஒலி, எல்இடி திரை, ஜெனரேட்டர், தடுப்புக் கம்பி, போலீஸ் பந்தோபஸ்து, ஆம்புலன்ஸ், பாட்டுகளின் பதிப்புரிமைக்கான உரிமக் கட்டணம், வாத்தியக்காரர்களின் பயணம், தங்கும் அறை. விற்காமல் போகும் டிக்கெட்டின் நஷ்டத்தையும், ஓசிப் பாஸில் வருகிறவர்களின் இருக்கையையும் விற்ற டிக்கெட்தான் சுமக்கும்.

இன்னொரு காரணம் கொஞ்சம் பழையது. ஒரு காலத்தில் கேசட்டும் சிடியும் விற்ற காசில் இசைத் தொழில் ஓடியது. பாட்டைக் கேட்க வைப்பதற்காக மேடை ஏறினார்கள். உலக அளவில் பதிவிசை வருமானம் 1999ஐ ஒட்டி உச்சத்தில் இருந்து, அதன்பின் பதினைந்து வருஷம் போலச் சரிந்துகொண்டே போனது. இப்போது போனில் பாட்டு கிட்டத்தட்ட இலவசம். அதனால் கலைஞர் பணம் பார்க்கிற இடமாக மேடை மாறிவிட்டது. நாம் கேசட்டுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்ததை வட்டியோடு வாசலில் கட்டுகிறோம் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். வருஷத்துக்கு ஒரு கச்சேரிகூடப் போகாதவர் அவர். இருந்தாலும் கணக்கு சரிதான்.

"எங்க ஊர்க் கொடையில விடிய விடிய சும்மாதான கேட்டோம்? இதுக்கு மட்டும் ஏன் ஆயிரக்கணக்குல?"

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. இதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொடை, அதாவது இந்தப் பக்கத்து ஊர்க் கோயில் திருவிழா, சும்மா நடக்கவில்லை. வீட்டுக்கு வீடு வரி பிரித்தார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க் கூட்டத்தில் முடிவானது. உங்கள் அப்பா கட்டினார், அதனால் உங்களுக்குச் சும்மாத் தெரிந்தது. பம்பாயிலோ துபாயிலோ இருக்கிற பெரியப்பா மகன் ஒரு நாள் மேளத்தைத் தன் உபயம் என்று ஏற்றுக்கொண்டிருப்பார். வில்லுப்பாட்டுக்கு ஒரு தொகை, நையாண்டி மேளத்துக்கு ஒரு தொகை, சுடலைமாடன் கோயிலாக இருந்தால் மகுடம் அடித்து ஆடும் கணியான் கூத்துக்கு ஒரு தொகை, கடைசி ராத்திரி மெல்லிசைக் குழுவுக்கு ஒரு தொகை. எல்லாம் முன்பணம் கொடுத்து, வெற்றிலை பாக்கு வைத்துப் பேசி முடித்தது. கலைஞர்கள் எவரும் இலவசமாகப் பாடவில்லை.

அப்படியானால் எங்கே வித்தியாசம்? இரண்டு இடத்தில். வரி கட்டியவன், கட்டாதவன், பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்தவன் எல்லோரும் ஒரே மணலில்தான் உட்கார்ந்தார்கள். முன்னால் இடம் வேண்டுமென்றால் சாயங்காலமே போய்ப் பாயை விரிக்க வேண்டும், அவ்வளவுதான். தர்மகர்த்தாவுக்கு நாற்காலி போடுவார்கள், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது, கணக்கு. கொடை முடிந்த மறுவாரம் கோயில் முன்னால் உட்கார்ந்து வரவு செலவு வாசிப்பார்கள். பந்தலுக்கு எவ்வளவு, மைக் செட்டுக்கு எவ்வளவு, வில்லுக்கு எவ்வளவு, பொங்கல் அரிசிக்கு எவ்வளவு. நடுவில் ஒருத்தர் எழுந்து "வாழைத்தார் ரெண்டுக்கு இம்புட்டா?" என்று கேட்பார். சண்டை நடக்கும். ஆனால் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று ஊருக்குத் தெரியும். அடுத்த வருஷம் வரி ஏற்றினால் ஏன் ஏற்றினார்கள் என்றும் தெரியும், முனகிக்கொண்டே கட்டுவார்கள்.

நம் ஆட்களுக்குப் பாட்டுக்குப் பணம் கொடுக்க மனசில்லை என்று சென்னையில் பேசுகிறவர்களுக்கு இது தெரியாது. தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்தவர்கள்தான் நாம். கணக்குத் தெரியாமல் கொடுத்துப் பழக்கமில்லை.

"நின்னு பாக்குற இடத்துக்கு உக்காந்து பாக்குற இடத்தவிட ஏன் அதிக விலை?"

மேடைக்குப் பக்கத்தில் என்பதால். 'ஃபேன் பிட்' என்பார்கள். மூன்று மணி நேரம் நிற்க வேண்டும், தண்ணீர் பாட்டில் உள்ளே விடமாட்டார்கள், முன்னால் நிற்பவர் தூக்கிப் பிடித்த போனில்தான் பாடகரைப் பார்க்க வேண்டும். இருபது வயசுக்கு அது சொர்க்கம். மற்றவர்கள் விலையைப் பார்த்து அதுதான் உசத்தி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

"இங்கேருந்து சென்னைக்குப் போய்ப் பாத்துட்டு வர மொத்தம் எவ்வளவு ஆகும்?"

கச்சேரி டிக்கெட்டைப் போல இரண்டு, மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை நிர்ணயிக்கிறவர்கள் கண்ணுக்குப் படாத செலவு இது.

திருநெல்வேலியிலிருந்து எழும்பூர் ஏறக்குறைய 650 கிலோமீட்டர். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. கச்சேரியை அதற்குப் பிறகு அறிவித்தால், அதுவும் சனி, ஞாயிறு என்றால், நெல்லை எக்ஸ்பிரஸிலும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸிலும் வெயிட்டிங் லிஸ்ட்தான் மிஞ்சும். 2023 செப்டம்பரிலிருந்து ஓடும் வந்தே பாரத்தில் காலையில் ஏறினால் மதியம் சென்னையில் இறங்கலாம். கட்டணம் அதற்கேற்ற மாதிரி.

திரும்புவதுதான் சிக்கல். திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிதான் பொதுவான எல்லை. அதனால் நிகழ்ச்சி பத்தை ஒட்டி முடியும். நெல்லை எக்ஸ்பிரஸ் எழும்பூரை விட்டுக் கிளம்பும்போது மேடையில் பாதிப் பாட்டு மிச்சமிருக்கும். ஆக ஒரு ராத்திரி அறை எடுத்தே ஆக வேண்டும். மைதானம் நந்தனம் பக்கம் என்றால் மெட்ரோ இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை என்றால், கூட்டம் கலையும் நேரத்தில் ஆட்டோவும் கால் டாக்சியும் கேட்கிற தொகையில் நெல்லைக்கே பஸ் ஏறிவிடலாம்.

அதனால்தான் மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ அதே கலைஞர் வந்தால் அங்கே போங்கள் என்று சொல்வேன். இரண்டுமே ஏறக்குறைய 150, 160 கிலோமீட்டர் தூரம்தான். மதுரை என்றால் நள்ளிரவிலும் பஸ் உண்டு. காலையில் கடை திறந்துவிடலாம்.

"பத்து மணிக்கு விற்பனை ஆரம்பம்னான். பத்து அஞ்சுக்கு எல்லாம் முடிஞ்சு போச்சு. ஆனா வேற ஒரு தளத்துல மூணு மடங்கு விலைக்குக் கிடைக்குது. எப்படி?"

எல்லா டிக்கெட்டும் பத்து மணிக்கு விற்பனைக்கு வருவதில்லை. ஒரு பகுதி ஸ்பான்சர்களுக்கு, ஒரு பகுதி குறிப்பிட்ட வங்கி அட்டை வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே, ஒரு பகுதி பாஸாக. மிச்சம்தான் பொதுமக்களுக்கு. அந்த மிச்சம் எத்தனை என்று அறிவிப்பில் போட மாட்டார்கள். வந்ததிலும் ஒரு பங்கை, மனிதர் விரலைவிட வேகமாக அழுத்துகிற மென்பொருள் வைத்து அள்ளி, மறுவிற்பனைக்குப் போடுகிற கூட்டம் இருக்கிறது.

இதில் நம் நாட்டில் பெரிதாக வெடித்தது, பிரிட்டிஷ் ராக் குழுவான கோல்டுப்ளேயின் விவகாரம். 2025 ஜனவரியில் நவி மும்பையில் நடந்த கச்சேரிகளுக்கு 2024 செப்டம்பர் 22 அன்று புக்மைஷோ என்ற டிக்கெட் தளத்தில் விற்பனை. விலை 2,500 ரூபாயிலிருந்து 35,000 வரை. நிமிஷக் கணக்கில் தீர்ந்து, வேறு தளங்களில் லட்சக்கணக்கில் விலை ஏறியது. மும்பை போலீஸின் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரித்தது, அமலாக்கத்துறை பல நகரங்களில் சோதனை போட்டது. கள்ள விற்பனையைத் தடுக்க விதி வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒருவர் பொதுநல வழக்கே போட்டார். அது சட்டமன்றமும் அரசும் முடிவு செய்ய வேண்டிய கொள்கை விஷயம் என்று சொல்லி 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

வெளிநாட்டில் மட்டும் ஒழுங்கா என்றால், இல்லை. 2024 ஆகஸ்டில் பிரிட்டனில் ஒயாசிஸ் குழுவின் டிக்கெட் விற்றபோது, மணிக்கணக்கில் இணைய வரிசையில் நின்ற ரசிகர்களுக்கு, 150 பவுண்டுக்குக் கிட்டத்தட்ட இருந்த டிக்கெட் 350 பவுண்டுக்கு மேல் ஏறி நின்றது. அங்கே கள்ளச் சந்தைக்காரன் ஏற்றவில்லை, அதிகாரபூர்வ விற்பனையிலேயே தேவைக்கேற்ப ஏற்றினார்கள். அசல் விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைச் சட்டப்படி தடுக்கப்போவதாக பிரிட்டன் அரசு 2025 நவம்பரில் அறிவித்தது.

"வாட்ஸாப் குரூப்ல ஒரு பையன் கம்மி விலைக்கு டிக்கெட் இருக்குங்கான். வாங்கலாமா?"

வேண்டாம். ஒரே க்யூஆர் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பலாம். முதலில் போகிறவர்தான் உள்ளே. மற்ற ஒன்பது பேரும் வாசலில் காவலாளியோடு மல்லுக்கு நிற்க வேண்டியதுதான். பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு.

"டிக்கெட் எடுத்தும் உள்ள விடலைன்னா?"

2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகஸ்டில் மழையால் தள்ளிப்போன கச்சேரி அது. டிக்கெட் வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் நெரிசலில் மாட்டி, உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். பிறகு ரஹ்மானே டிக்கெட் நகலை அனுப்பச் சொல்லிப் பணம் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு நடந்தது. எல்லாக் கச்சேரிக்கும் அப்படி ஒருவர் முன்வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

அன்றைக்கே செய்ய வேண்டியது: வாசல் கூட்டத்தைப் போனில் படம் எடுங்கள், டிக்கெட்டையும் பணம் கட்டிய ரசீதையும் அழிக்காதீர்கள், நடத்துபவருக்கும் டிக்கெட் தளத்துக்கும் மின்னஞ்சல் போடுங்கள். போனில் பேசினால் ஆதாரம் நிற்காது. பதில் வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதற்கும் மசியவில்லையா, நுகர்வோர் ஆணையம். இங்கேதான் பலர் "இதுக்காகச் சென்னைக்கு அலையவா" என்று விட்டுவிடுகிறார்கள். அலைய வேண்டாம். 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கச்சேரி சென்னையில் நடந்தாலும், கம்பெனி மும்பையில் இருந்தாலும், திருநெல்வேலி மாவட்ட ஆணையத்தில் மனு கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இணையம் வழியாகவும் போடலாம். நடத்துபவர்கள் நம்பி இருப்பதே, 2,000 ரூபாய்க்கு எவன் வழக்குப் போடப்போகிறான் என்பதைத்தான்.

"சினிமா டிக்கெட்டுக்கு அரசாங்கம் விலை வைக்குதுல்லா? இதுக்கும் வைக்கலாமே?"

தியேட்டருக்கு இங்கே உச்ச விலை உண்டு. 2017இல் மல்டிப்ளெக்ஸுக்கு 150 ரூபாய், வரி தனி என்று வைத்தார்கள். பெரிய நடிகர் படம் முதல் நாள் எந்த விலைக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். கச்சேரிக்கு உச்ச விலை வைத்தாலும் அதுதான் நடக்கும்: வாசலில் குறைந்த விலை, வெளியே கள்ள விலை. அதோடு தியேட்டரில் அதே படம் நாளைக்கும் ஓடும்; கச்சேரி ஒரு ராத்திரிதான்.

நான் கேட்பது வேறு. போஸ்டரிலேயே வரி, கட்டணம் எல்லாம் சேர்த்த கடைசி விலையைப் போடு. மைதானத்தில் எத்தனை பேருக்கு இடம், அதில் பொதுமக்களுக்கு எத்தனை டிக்கெட் என்று சொல். இந்த இரண்டும் தெரிந்தால் 3,000 என்றாலும் கொடுக்கிறவன் கொடுப்பான், முடியாதவன் மனக்கசப்பில்லாமல் விலகுவான்.

"நெல்லையிலேயே பெரிய கச்சேரி ஏன் அடிக்கடி வரல?"

இடம் இல்லாமல் இல்லை. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் இருக்கிறது, கல்லூரி மைதானங்கள் இருக்கின்றன. பெரிய மேடை, ஒலிச் சாதனம் எல்லாம் லாரியில் வெளியூரிலிருந்து வர வேண்டும். விமானம் என்றால் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளம் போய் இறங்க வேண்டும். ஸ்பான்சர் செய்யும் அளவுக்கான கம்பெனிகள் இந்தப் பக்கம் குறைவு.

இதையெல்லாம்விட ஒன்று இருக்கிறது. சொன்னால் கோபிக்கக் கூடாது. இங்கே ஒரு நிகழ்ச்சி அறிவித்தால் டிக்கெட் என்ன விலை என்று கேட்பதற்கு முன் "பாஸ் கிடைக்குமா அண்ணாச்சி?" என்று கேட்கிறோம். வார்டு கவுன்சிலருக்குப் பாஸ், ஸ்டேஷனுக்குப் பாஸ், மைதானக்காரருக்குப் பாஸ், அவர் மச்சினனுக்குப் பாஸ். பணம் கொடுத்தவர் நாலாவது வரிசையில், பாஸ்காரர் முதல் வரிசையில். ஒரு தடவை இப்படி நடத்திப் பார்த்தவர் மறு தடவை மதுரைக்குப் போய்விடுகிறார்.

"காசு கம்மியா நல்ல பாட்டுக் கேக்க வழியே இல்லையா?"

இருக்கிறது. மார்கழியில் சென்னைச் சபாக்களில் காலை, மதிய வேளைக் கச்சேரிகள் பலவற்றுக்கு அனுமதி இலவசம். நாளைய வித்வான்கள் அங்கேதான் பாடுகிறார்கள். இங்கே என்றால் சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் ஏதாவது ஒரு ஊரில் கொடை இருக்கும். நல்ல வில்லுப்பாட்டுக் குழு எந்த ஊருக்கு வருகிறது என்று மைக் செட்டுக்காரரிடம் கேளுங்கள். அவர்களுக்குத்தான் முழு விவரமும் தெரியும்.

"முதல்லயே எடுக்கவா, கடைசியில எடுக்கவா?"

கட்டாயம் நிறைகிற கலைஞர் என்றால் முதல் நாளே. 'ஏர்லி பேர்ட்' விலைதான் குறைவாக இருக்கும், கட்டம் கட்டமாக ஏற்றுவார்கள். நடுத்தரக் கூட்டம் வரும் நிகழ்ச்சி என்றால் பொறுத்திருங்கள். கடைசி வாரம் விற்காத டிக்கெட்டை ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று தள்ளிவிடுவது உண்டு. முழு விலை கொடுத்து முதலில் வாங்கியவர்களுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். அந்தப் புகாரும் எனக்கு வரும்.

"அம்மாவுக்கு 68 வயசு. அந்தக் காலத்துப் பாட்டு நேர்ல கேக்கணும்னு ஆசைப்படுதாங்க. எந்த டிக்கெட் எடுக்க?"

உட்காரும் இருக்கை, நம்பர் போட்டதாகப் பார்த்து எடுங்கள். "முதலில் வருபவருக்கு முதல் இடம்" என்றிருக்கும் வகுப்பு வேண்டாம். பிளாட்டினமா கோல்டா என்பதைவிட, கழிப்பறையும் வெளியே போகும் வழியும் எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் பாருங்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், சக்கர நாற்காலி உண்டா என்று நடத்துபவரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். உள்ளரங்கம் என்றால் இன்னும் நல்லது. மழைப் பயமும் இல்லை.

கச்சேரி டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு ரயிலுக்கு என்னிடம் வராதீர்கள். 45 வயசு கடந்த பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். போகவும் வரவும் கீழ்ப் படுக்கை உறுதியான பிறகு சொல்லுங்கள், அந்த இடத்திலேயே கச்சேரிக்கும் போட்டுவிடலாம்.